குட்டையான குடலை நீட்ட முடியுமா?

“பச்சைக் குழந்தைக்குக் குடலில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டார்களாம்” என்று கேட்டாலே நமக்கு வயிற்றைப் பிசைகிறது. இனி அது எப்படிப் பால் குடிக்கும், எப்படி வளரும்? இந்தக் கேள்விக்கு டாக்டர்கள் கண்டுபிடித்த பதில் நம் வீட்டுக் கத்தரிக்கோல் வேலை மாதிரியே இருக்கிறது!

பெரியவர்களின் சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளம். நிறைமாதக் குழந்தைக்கு 2 முதல் 3 மீட்டர் வரை இருக்கும். சாப்பிட்டதன் சத்தை உடம்பில் சேர்ப்பது இதுதான். பிறந்த குழந்தைக்குக் குடல் முறுக்கிக்கொண்டாலோ, குறைமாதக் குழந்தைக்குக் குடல் புண்ணாகி அழுகிப் போனாலோ, கெட்ட பகுதியை எடுத்துத்தான் ஆகவேண்டும். மிச்சம் மிகவும் குட்டையாகிவிட்டால், குடிக்கும் பாலெல்லாம் பேதியாகப் போய்விடும்.

முன்பெல்லாம் இப்படிப்பட்ட குழந்தைகள் பிழைப்பது அபூர்வம். 1968-ல் அமெரிக்காவில் பிலடெல்பியாவைச் சேர்ந்த டாக்டர் ஸ்டான்லி டட்ரிக் குழுவினர், முழுச் சத்தையும் ரத்தக்குழாய் வழியாகவே ஏற்றிக் குழந்தையை வளர்க்கலாம் என்று காட்டினார்கள். ஆனால் மாதக்கணக்கில் இப்படி ஏற்றினால் ஈரல் கெடலாம். குழாய் வழியாகக் கிருமியும் நுழையலாம்.

இதற்கிடையில் உடம்பு சும்மா இருப்பதில்லை. மிச்சமுள்ள குடல் கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்து, சத்தை அதிகம் உறிஞ்சப் பழகுகிறது. அளவுக்கு மீறிப் பருத்தால்தான் தொல்லை. உணவு நகராமல் தேங்கிக் கிருமிகள் பெருகும்.

‘பருத்த அகலத்தை நீளமாக மாற்றினால் என்ன?’ என்று யோசித்தார் இங்கிலாந்தில் மான்செஸ்டர் டாக்டர் ஏட்ரியன் பியாங்கி. அகலத் துணியை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து முனையோடு முனை சேர்த்தால் நீளம் இரட்டிப்பாகும் அல்லவா? அதேதான்! குடலுக்கு வரும் ரத்தக்குழாய்களை இரு பக்கத்துக்கும் பிரித்துவிட்டு, குடலை இரண்டு மெல்லிய குழாய்களாக்கி, ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தார். 1980-ல் பன்றிகளிடம் செய்த இந்தச் சோதனையை வெளியிட்டார். அடுத்த ஆண்டே ஒரு குழந்தைக்கும் இது செய்யப்பட்டது.

2003-ல் பாஸ்டன் டாக்டர்கள் இன்னொரு வழி சொன்னார்கள். குழந்தைகள் காகிதத்தை இடமும் வலமும் மாற்றி மாற்றிப் பாதிவரை வெட்டி இழுத்தால் தோரணம்போல நீளுமே, அதுபோல! ஒரே சமயத்தில் வெட்டித் தைக்கும் கருவியால் இருபுறமும் மாறி மாறி வெட்டினால், குடல் வளைந்து வளைந்து நீளும். மறுபடி பருத்தால் மறுபடியும் செய்யலாம்.

இதை மந்திரமென்று நினைக்க வேண்டாம். குடல் பருத்திருந்தால்தான் செய்ய முடியும். தையல் கசியலாம், அடைப்பும் வரலாம். எல்லாக் குழந்தைக்கும் சத்துக் குழாயை எடுத்துவிட முடிவதில்லை. ஆனாலும் பல குழந்தைகள் வாயாலேயே சாப்பிட்டு வளர வழி பிறந்திருக்கிறது.

சகோதரிகளே, நம் கையிலும் இரண்டு காரியம் உண்டு. குறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் கிடைத்தால், குடல் அழுகும் அபாயம் குறைகிறது. நேரடியாகக் குடிக்க முடியாவிட்டாலும், பீய்ச்சிக் கொடுக்க ஆஸ்பத்திரியில் வழி கேளுங்கள். இரண்டாவது, பச்சிளம் குழந்தை பச்சை நிறமாக வாந்தி எடுத்தால் குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். ‘உரம் விழுந்திருக்கும், உரம் எடுத்தால் சரியாகிவிடும்’ என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் உடனே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். முறுக்கிய குடலைச் சில மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால், வெட்டவே வேண்டியிராமல் போகலாம்.