கிங் கிரிம்சன்: அருகிப்போன இசைத்தட்டுகளும் ஒலிப்பதிவு உரிமையும்

பழைய இசைத்தொகுப்பு ஒன்று கிடைக்காமற்போனால் அதற்குக் காலத்தையே காரணமாகச் சொல்வது வழக்கம். இங்கிலாந்தைச் சேர்ந்த கிங் கிரிம்சன் என்னும் ராக் இசைக்குழுவின் வரலாறு இவ்விளக்கத்துக்கு இடந்தரவில்லை. 1969 அக்டோபரில் வெளிவந்த அதன் முதல் தொகுப்பான ‘இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்’ இசைத்தட்டு, கேசட், குறுந்தகடு என ஒவ்வோர் ஊடக மாற்றத்தையும் கடந்து வந்தது. அதற்குப் பின்வந்த ‘எர்த்பவுண்ட்’ (1972), ‘யு.எஸ்.ஏ.’ (1975) ஆகிய இரண்டும் 2002 வரை குறுந்தகடாக வெளிவரவில்லை. மூத்தது கிடைத்தது, இளையவை கிடைக்கவில்லை. ஒலிப்பதிவு யார் வசம் இருந்தது, அவர் அதை எவ்வாறு மதித்தார் என்பவற்றைக் கொண்டே இவ்வேறுபாட்டை விளக்க முடியும். குழுவின் எதிர்காலம் பற்றிய கேள்வியும் இதனோடு பிணைந்தது.

இரு உரிமைகள்

ஒரு பாடல் இசைத்தட்டாகும்போது இரண்டு உரிமைகள் தோன்றுகின்றன. ஒன்று, இசையையும் சொல்லையும் ஆக்கியவர்க்குரியது. மற்றொன்று, தட்டில் பதிந்த குறிப்பிட்ட ஒலிக்குரியது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் இவற்றைத் தனித்தனிப் படைப்புகளாகவே கொள்கிறது. மேலைநாட்டு இசைத்தட்டுத் தொழிலில் இரண்டாவது உரிமை, பதிவுக்கு முன்பணம் தந்த நிறுவனத்திடம் தங்கிவிடுவதே பெருவழக்கு. அம்முன்பணமோ கலைஞர்க்குச் சேரவேண்டிய உரிமத்தொகையிலிருந்து கழிக்கப்படும். தம் வருவாயிலிருந்து செலவு செய்து உருவாக்கிய பதிவு தமக்கு உரியதன்று என்னும் இம்முரணைக் குழுவின் கிதார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் பல்லாண்டுகளாகச் சாடிவந்துள்ளார்.

கிங் கிரிம்சனின் பதிவுகள் தொடக்கத்தில் அதன் மேலாண்மை நிறுவனமான இ.ஜி.யிடம் இருந்தன. 1990களின் தொடக்கத்தில் அவை வெர்ஜின் நிறுவனத்துக்குக் கைமாறியதையொட்டி எழுந்த சட்டப்பூசல் ஃபிரிப்பின் பல ஆண்டுகளை விழுங்கியது. 1992இல் அவர் ஒலிப்பதிவாளர் டேவிட் சிங்கிள்டனுடன் இணைந்து டிசிப்ளின் குளோபல் மொபைல் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். ஒலிப்பதிவு உரிமை கலைஞர்களிடமே உள்ளது என்றும், இது தொழிலின் வழக்கத்துக்கு மாறானது என்றும் அந்நிறுவனத்தின் குறுந்தகட்டு உறைகளில் அச்சிடப்பட்டது. உரிமை அறிவிப்பே கொள்கை அறிக்கையாகவும் அமைவது இத்துறையில் அரிது.

விடுபட்ட இரு தட்டுகள்

‘எர்த்பவுண்ட்’ 1972ஆம் ஆண்டின் அமெரிக்கப் பயணத்தில் கேசட்டில் பதிவு செய்யப்பட்டது. ஒலி மங்கியும் சிதைந்தும் இருக்கும். ஐலண்ட் நிறுவனம் இங்கிலாந்தில் அதனை மலிவு விலை வரிசையில் வெளியிட்டது. அமெரிக்க வெளியீட்டாளரான அட்லாண்டிக் ஒலித்தரத்தைக் காட்டி மறுத்துவிட்டது. அமெரிக்க மேடைகளில் பதிவான இசை அமெரிக்கர்க்கு இறக்குமதித் தட்டாகக் கிடைத்தது என்பது இத்தொழிலின் விந்தைகளுள் ஒன்று. பாஸ் பர்ரெல், மெல் காலின்ஸ், இயன் வாலஸ், ஃபிரிப் ஆகியோர் கொண்ட அணி அப்பயணத்தோடு கலைந்தது. அவ்வணியின் மேடையிசைக்கு நெடுங்காலம் அதிகாரப்பூர்வச் சான்றாக இருந்தது இந்தத் தட்டே. தரக்குறைவு என்னும் வணிக மதிப்பீடு, வரலாற்றாய்வாளர்க்குரிய ஆவணம் ஒன்றை நெடுங்காலம் பரவலான புழக்கத்தினின்று ஒதுக்கிவைத்தது.

‘யு.எஸ்.ஏ.’யின் நிலை சற்று வேறானது. 1974 செப்டம்பரில் ஃபிரிப் குழுவைக் கலைத்தார். ‘ரெட்’ தொகுப்பு அதற்கடுத்த மாதம் வெளிவந்தது. மறு ஆண்டு வெளியான ‘யு.எஸ்.ஏ.’, 1974 ஜூனில் நிகழ்ந்த மேடைநிகழ்ச்சிகளின் பதிவாகும். கலைந்துவிட்ட குழுவின் தட்டை முன்னின்று விற்பதற்கு மேடையேறுவார் எவருமில்லை.

இவ்விடைவெளியைத் திருட்டுப் பதிவுகள் நிரப்பின. அரங்கில் பதிவு செய்வதைக் கடுமையாக எதிர்த்த குழு இது. பிற்காலத்தில் பாஸ் கிதார் கலைஞர் டோனி லெவின் தம் கேமராவைக் கையிலெடுக்கும்வரை அவையோர் படமெடுக்கவும் கூடாது என்பது விதி. ஆயினும் 1998இல் தொடங்கிய சேகரிப்பாளர் மன்றத்தின் வழியாகவும் பின்னர் இணையத்தின் வழியாகவும் பழைய மேடைப்பதிவுகளை வெளியிட முற்பட்டபோது, நல்ல நாடா எஞ்சாத சில நிகழ்ச்சிகளுக்கு இத்தகைய ரசிகர் பதிவுகளே மூலமாயின.

மூலமும் பாடமும்

சுவடிப்பதிப்பில் பழகியவர்க்கு இங்கு எழும் சிக்கல் புதிதன்று. ‘யு.எஸ்.ஏ.’யின் சில பகுதிகளில் கேட்பது, அன்று மேடையில் வாசித்த டேவிட் கிராஸின் வயலின் அன்று. எடி ஜாப்சன் பின்னர் ஸ்டூடியோவில் வாசித்துச் சேர்த்தது. அதே நிகழ்ச்சிகளின் சேர்க்கையற்ற பதிவு பிற்காலத்தில் வெளிவந்தபின், ஒரு மாலைப்பொழுதுக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. 2000இல் வந்த ‘த கன்ஸ்ட்ரக்‌ஷன் ஆஃப் லைட்’ தொகுப்பின் டிரம்ஸ் மூலப்பதிவுகள் தொலைந்துபோயின. 2019இல் மறுவெளியீடு செய்தபோது பாட் மாஸ்டெலாட்டோ அப்பகுதிகளைப் புதிதாக வாசித்தார். தொகுப்பின் பெயரும் அதற்கேற்ப ‘த ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் ஆஃப் லைட்’ எனத் திருத்தப்பட்டது. பெயரை மாற்றியது பதிப்பு நேர்மை என்றே கொள்ளவேண்டும். மறுகலவை செய்த பதிப்புகள் பழைய பெயரிலேயே விற்கப்படுவதே உலக வழக்கு. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய நாடா தப்பிப்பிழைக்க, 2000ஆம் ஆண்டுப் பதிவு அழிந்தது என்பதும் ஆவணக்காப்பில் ஈடுபடுவோர் கருதத்தக்கது.

2019இல்தான் குழுவின் தொகுப்புகள் ஸ்ட்ரீமிங் தளங்களில் முறையாக இடம்பெற்றன. கேட்போர்க்கு அது பெரும் வசதி. ஆனால் எந்த ஆண்டின் கலவை, எந்த நாடா என்னும் விவரங்களைத் தளங்கள் பெரும்பாலும் தருவதில்லை. தட்டின் உறையில் இருந்த பதிப்புக்குறிப்பு அங்கே காணாமற்போகிறது. ஆய்வேட்டில் இத்தொகுப்புகளை மேற்கோளாக்குவோர் பதிப்பாண்டையும் சுட்டாவிடில் எதைக் கேட்டனர் என்பது பிறர்க்கு விளங்காது.

முடிவு அறிவிக்கப்படாத குழு

1969இன் அணியில் இருந்தோரில் இறுதிவரை தொடர்ந்தவர் ஃபிரிப் ஒருவரே. 1974இல் கலைந்த குழு 1981இல் எழுந்தது. 1984இல் நின்று 1994இல் மீண்டது. யுனிவர்சல் நிறுவனத்துடனான பூசலால் மேடையிலிருந்து ஓய்வு பெறுவதாக 2012இல் ஃபிரிப் அறிவித்தார். உரிமைச்சிக்கல் குழுவின் ஆயுளையே நேரடியாகத் தொட்ட தருணம் அது. ஆயினும் 2014இல் மூன்று டிரம்ஸ் கலைஞர்களை மேடையின் முன்வரிசையில் அமர்த்திய ஏழுபேர் குழு வெளிப்பட்டது. ‘எர்த்பவுண்ட்’ காலத்து மெல் காலின்ஸும் அதில் இருந்தார். 2021 டிசம்பர் 8 அன்று டோக்கியோவில் அக்குழுவின் பயணம் நிறைவுற்றது. எழுவருள் ஒருவரான பில் ரீஃப்ளின் 2020இலேயே காலமாகியிருந்தார். 1969 அணியின் இயன் மெக்டொனால்ட் 2022இல் மறைந்தார். 2024இல் ஏட்ரியன் பெலூவும் லெவினும் ஸ்டீவ் வை, டேனி கேரி ஆகியோருடன் சேர்ந்து 1980களின் பாடல்களை ‘பீட்’ என்னும் வேறு பெயரில் மேடையேற்றினர். ஃபிரிப் அதில் இல்லை.

2003இல் வந்த ‘த பவர் டு பிலீவ்’ தொகுப்புக்குப் பின், 2014 முதல் 2021 வரை இசைத்த அணி ஸ்டூடியோத் தொகுப்பு எதையும் வெளியிடவில்லை. ‘மெல்ட்டவுன்’ போன்ற அக்காலத்துப் புதிய பாடல்கள் 2016இன் மேடைத்தொகுப்பிலும் பின்வந்த மேடைப்பதிவுகளிலுமே உள்ளன. ஒப்பிட்டுப் பார்க்க ஸ்டூடியோ மூலம் வெளிவராத நிலையில், இரவுக்கு இரவு மாறிய அவ்விசையின் பாடத்தை அம்மேடைப்பதிவுகளைக் கொண்டே வரையறுக்க வேண்டியுள்ளது.