மஞ்சள் விலை ஆட்டம்... மார்ஜின் கட்டப் பணம் இருக்கிறதா?

ஆடிக் காற்று ஒரே நாளில் அடங்காது. சந்தையும் அப்படித்தான், விலை ஒருநாள் பெரிதாக ஆடினால், அடுத்தடுத்த நாள்களிலும் ஆடவே வாய்ப்பு அதிகம். இதை 1982-ல் கணக்காக்கியவர் அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் எங்கிள். 2003-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கணக்கின் எளிய வடிவம் ஒன்றில், நேற்று வரையிலான ஆட்டத்துக்கு 94 பங்கு மதிப்பு, இன்றைய ஆட்டத்துக்கு 6 பங்கு.

மஞ்சளை முன்பேர வர்த்தகத்தில் விற்கும் விவசாயிக்கு இது தேவையான கணக்கு. ஓர் ஒப்பந்தம் 50 குவின்டால். குவின்டால் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மதிப்பு 7.5 லட்சம். விலை ஒரு நாளில் 2 சதவிகிதம் ஏறினால், விற்றவர் அன்றைக்கே 15,000 ரூபாய் ஈடுகட்ட வேண்டும். 3 சதவிகிதம் என்றால் 22,500 ரூபாய். ஆட்டம் கூடக்கூட, 'மார்ஜின்' என்ற முன்பணமும் கூடும்.

கிடங்கில் உள்ள மஞ்சளுக்கும் விலை ஏறியிருக்கும்தான். ஆனால், கையில் ரொக்கம் இல்லையென்றால் தரகர் ஒப்பந்தத்தை முடித்துவிடுவார். நஷ்டம் நம் கணக்கில் நின்றுவிடும். அதன்பிறகு விலை இறங்கினால், சரக்கிலும் அடி.

விலை எவ்வளவு ஆடலாம் என்பதைத்தான் இந்தக் கணக்கு சொல்லும். ஏறுமா, இறங்குமா என்று சொல்லாது. அதனால், மார்ஜினுக்கு மேல் சில நாள் ஆட்டத்தைத் தாங்கும் ரொக்கம் இருந்தால் மட்டுமே முன்பேரத்தில் இறங்கலாம். இல்லாதவர்களுக்கு, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் சரக்கை இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்குவதே பாதுகாப்பு.