பெயரும் உழைப்பும்: ஜோன் ஹரிசன் பற்றிய ஒரு குறிப்பு

திரைப்படத்தை நெறியாளர் ஒருவரின் தனித்த ஆக்கமாகக் கொள்ளும் விமர்சன நோக்கு 1950களில் பிரெஞ்சு விமர்சகரிடையே வலுப்பெற்றது. அவர்கள் முதன்மைச் சான்றாகக் காட்டியோருள் அல்பிரட் ஹிட்ச்கொக்கும் ஒருவர். ஹிட்ச்கொக்கின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடுதல் இங்கு நோக்கமன்று. ஆயின், கூட்டுழைப்பின் விளைபொருளை ஒரே பெயருள் அடக்கும் இந்நோக்கு எவரை மறைக்கின்றது என்ற வினா எழுப்பப்படுதல் வேண்டும்.

1907இல் இங்கிலாந்தின் கில்ட்போர்ட் நகரிற் பிறந்து, ஒக்ஸ்போர்டிற் கற்ற ஜோன் ஹரிசன், 1933இல் பத்திரிகை விளம்பரமொன்றின் வழியாக ஹிட்ச்கொக்கின் செயலாளரானார். அப்பதவிப் பெயர் அவர் செய்த வேலையை உணர்த்துவதாயில்லை. நாவல்களை வாசித்துச் சுருக்குவதும், படமாக்கத்தக்கவற்றைத் தெரிவதும், கதையாலோசனைகளிற் பங்குகொள்வதும் அவ்வேலையுள் அடங்கின. எழுத்தாக்கத்தின் பெரும்பகுதி எழுதுவதற்கு முன்னரே நிகழ்ந்துவிடுகின்றது. அப்பகுதிக்கே பெயர் கிடைப்பதில்லை. 'ஜமேக்கா இன்' (1939) படத்திலேயே திரைக்கதையாசிரியருள் ஒருவராக அவர் பெயர் இடம்பெற்றது. அதே ஆண்டில் ஹிட்ச்கொக் குடும்பத்தினருடன் அமெரிக்கா சென்றார். 1940இல் வெளியான 'ரெபெக்கா', 'பொறின் கொரஸ்பொண்டன்ட்' ஆகிய இரு படங்களின் திரைக்கதைகளுக்காகவும் இணையாசிரியராக ஒஸ்கார் பரிந்துரை பெற்றார்.

'சபோட்டர்' (1942) படத்துடன் அக்கட்டம் முடிவுற்றது. பின்னர் யுனிவர்சல் நிறுவனத்தில் அவர் தயாரிப்புப் பொறுப்பேற்ற 'பான்டம் லேடி' (1944), கொலைக்குற்றத்துக்காக மரண தண்டனை பெற்ற முதலாளியைக் காப்பாற்ற அவனது செயலாளரான பெண்ணொருத்தி துப்புத்துலக்கும் கதையாகும். இதனைத் தற்செயலென விட்டுவிட மனம் ஒப்பவில்லை.

1955இல் தொடங்கிய 'அல்பிரட் ஹிட்ச்கொக் பிரசன்ட்ஸ்' தொலைக்காட்சித் தொடரே இப்பிரச்சினையை முழுமையாக வெளிக்கொணர்வது. பெயரும் நிழலுருவும் ஹிட்ச்கொக்கினுடையவை. கதைகளைத் தெரிந்து, எழுத்தாளரையும் நெறியாளரையும் நியமித்து, செலவுக்குள் படப்பிடிப்பை முடிக்கும் அன்றாடப் பொறுப்பு தயாரிப்பாளரான ஹரிசனுடையது. அரைமணிநேர நிகழ்ச்சிகள் 268இல் ஹிட்ச்கொக் நெறிப்படுத்தியவை 17 மாத்திரமே. பெயர் இங்கு ஒரு பண்டமாகிவிட்டது. விளம்பரதாரர் விலைகொடுத்து வாங்கியது அதனையே.

ஹொலிவூட்டின் கம்யூனிச எதிர்ப்பு வேட்டையால் வேலையிழந்திருந்த நடிகர் நோர்மன் லொயிட், 1957இல் இத்தொடரில் ஹரிசனின் துணைத் தயாரிப்பாளராக அமர்த்தப்பட்டார். இதைக்கொண்டு ஹரிசனை இடதுசாரியாக்க முனைவது மிகையாகும். எனினும், லொயிட்டின் நியமனத்தைப் பேசுவோர் ஹிட்ச்கொக்கின் துணிவையே குறிப்பிடுவர். அவரோடு நாளாந்தம் வேலைசெய்த பெண்ணின் பெயர் அங்கும் அரிதாகவே வருகின்றது.