டர்போசார்ஜர் பூஸ்ட் அழுத்த உணரிப் பழுதைக் கண்டறிதல்

பூஸ்ட் அழுத்த உணரி என்பது டர்போசார்ஜர் பொருத்தப்பட்ட எஞ்சினின் உள்ளிழு குழாயில் நிலவும் காற்றழுத்தத்தை அளந்து, அதை மின்னழுத்தமாக மாற்றி எஞ்சின் கட்டுப்பாட்டு அலகுக்கு (ஈசியூ) அனுப்பும் கருவியாகும். எரிபொருளின் அளவும் டர்போவின் அழுத்தமும் இந்த அளவீட்டைக் கொண்டே முறைப்படுத்தப்படுகின்றன. உணரிப் பழுதின் அறிகுறிகளும் டர்போசார்ஜர் பழுதின் அறிகுறிகளும் ஏறத்தாழ ஒன்றே. எனவே சோதிக்காமல் பாகங்களை மாற்றினால், விலை குறைந்த உணரியின் பழுதுக்காக விலை மிகுந்த டர்போசார்ஜர் மாற்றப்பட்டுவிடக்கூடும்.

அமைப்பு

பெரும்பாலான உணரிகளில் மெல்லிய சிலிக்கான் படலம் ஒன்று உள்ளது. காற்றழுத்தத்தால் அது வளையும்போது அதன் மீதுள்ள மின்தடைகளின் மதிப்பு மாறுகிறது. 5 வோல்ட் வழங்கும் கம்பி, எர்த் கம்பி, சமிக்ஞைக் கம்பி என மூன்று இணைப்புகள் இருக்கும். காற்றின் வெப்பநிலையையும் அளக்கும் உணரிகளில் நான்காவது கம்பி உண்டு. சமிக்ஞை பொதுவாக 0.5 முதல் 4.5 வோல்ட்டுக்குள் அமையும்.

உணரி அளப்பது வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்த தனி அழுத்தத்தை ஆகும். கடல்மட்டத்தில் 200 கிலோபாஸ்கல் எனக் காட்டினால், டர்போ கூடுதலாக அளித்தது சுமார் 100 கிலோபாஸ்கல் மட்டுமே.

அறிகுறிகள்

எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிதல், இழுவைத் திறன் குறைதல், கரும்புகை, எரிபொருள் செலவு கூடுதல் ஆகியவை முதன்மையானவை. பல கார்களில் எஞ்சினைக் காக்கும் பொருட்டு ஈசியூ திறனைக் கட்டுப்படுத்தும் 'லிம்ப் மோடு' நிலைக்குச் செல்லும்.

கண்டறியும் முறை

1. பிழைக் குறியீடு: பி0236 உணரியின் அளவீடு பொருத்தமற்றது என்பதையும், பி0237 சமிக்ஞை மிகக் குறைவு என்பதையும், பி0238 மிக அதிகம் என்பதையும் குறிக்கின்றன. பி0299 பூஸ்ட் அழுத்தம் போதாமையைக் குறிப்பதால், அதை மட்டும் கொண்டு உணரியைக் குறைகூற இயலாது.

2. எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி ஸ்கேன் கருவியில் பார்த்தால், அளவீடு அவ்விடத்தின் வளிமண்டல அழுத்தத்துக்கு ஒத்திருக்க வேண்டும். இது கடல்மட்டத்தில் சுமார் 101 கிலோபாஸ்கல். 2000 மீட்டர் உயரத்தில் சுமார் 80 கிலோபாஸ்கல். பெரிதும் வேறுபட்டால் உணரி அல்லது அதன் மின்சுற்றில் பழுது உள்ளது.

3. உணரியைக் கழற்றி, முனையில் எண்ணெயும் கரியும் அடைத்துள்ளனவா எனப் பார்க்க வேண்டும். கம்பியால் குத்தினால் படலம் கிழியும். உணரிகளுக்குரிய துப்புரவுத் திரவமே ஏற்றது.

4. இணைப்பியைக் கழற்றி மல்டிமீட்டரால் 5 வோல்ட்டையும் எர்த்தையும் சோதிக்க வேண்டும். 5 வோல்ட் வராவிட்டால் பழுது கம்பியிலோ ஈசியூவிலோ அதே மின்வழங்கலைப் பகிரும் வேறு உணரியிலோ இருக்கலாம். கழற்றிய பின் மட்டும் 5 வோல்ட் திரும்பினால், உணரிக்குள்ளேயே குறுக்குச்சுற்று ஏற்பட்டிருக்கலாம்.

5. இணைப்பியை மீண்டும் பொருத்தி, கைப்பம்பால் உணரிக்கு அழுத்தம் கொடுத்தால் சமிக்ஞை சீராக உயர வேண்டும். தாவினாலோ அசையாமல் நின்றாலோ உணரி பழுதானது.

உணரி சரியாக இருந்தால்

மேற்கண்ட சோதனைகளில் உணரி தேறியும் ஓட்டத்தின்போது பூஸ்ட் அழுத்தம் குறைவாக இருந்தால், உணரி உண்மையையே சொல்கிறது. இன்டர்கூலர் குழாய்களின் கசிவு, வெற்றிடக் குழாயின் வெடிப்பு, வேஸ்ட்கேட் சிக்குதல் ஆகியவற்றை அடுத்துச் சோதிக்க வேண்டும். கசிவைக் கண்டறியப் புகைச் சோதனை உதவும். டர்போசார்ஜரை மாற்றுவது இவை யாவும் சரியெனத் தெரிந்த பிறகே ஆகும்.