மடிப்பதும் வாசிப்பே: காகித மடிப்பு நூல்கள் வகுப்பறையில்

பள்ளி நூலகத்துக்கு வரும் காகித மடிப்பு நூல்களைக் கைவேலைக்கு உரியவை என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆண்டு விழா நெருங்கும்போது மட்டுமே அவை அலமாரியை விட்டு வெளியே வருகின்றன. ஆனால் எங்கள் நடுநிலைப் பள்ளியில் நான் கண்டவரை, எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தையும் கடைசிப் படிவரை விடாமல் வாசிக்கும் நூல் இதுதான். ஒரு படியைத் தவறாகப் புரிந்துகொண்டால் தவளை குதிக்காது. வாசித்தது சரியா என்று ஆசிரியர் சொல்லவேண்டியதில்லை, காகிதமே சொல்லிவிடும்.

படங்களின் மொழி

ஒரிகாமி என்பது மடித்தல், காகிதம் என்னும் பொருள் தரும் இரு ஜப்பானியச் சொற்களின் சேர்க்கை. இன்றைய நூல்களில் உள்ள குறியீடுகளுக்கு அடித்தளம் அமைத்தவர் அகிரா யோஷிசாவா (1911–2005). விட்டுவிட்டு வரும் சிறு கோடுகள் பள்ளத்தாக்கு மடிப்பைக் குறிக்கும். கோடும் புள்ளியும் கலந்து வந்தால் மலை மடிப்பு. அம்புக்குறி மடிக்கும் திசையைக் காட்டும். இவை புரிந்துவிட்டால், மொழி தெரியாத நாட்டு நூலையும் பார்த்துக் குழந்தை மடித்துவிடும்.

"டீச்சர், மூணாவது படத்துல இருந்த மூலை நாலாவது படத்துல எங்க போச்சு?" என்று நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். இரண்டு படங்களுக்கு இடையே சொல்லாமல் விடப்பட்டதை அவள் தேடுகிறாள். பாடநூல் பத்தியிலும் இப்படித் தேட வேண்டும் என்றுதானே நாம் விரும்புகிறோம்?

சென்னையில் வெளிவந்த கணித நூல்

உயர்நிலை வகுப்பு ஆசிரியர்கள் அறியவேண்டிய நூல், சுந்தர ராவ் ஆங்கிலத்தில் எழுதி 1893இல் சென்னையில் வெளியான 'காகித மடிப்பில் வடிவியல் பயிற்சிகள்'. மழலையர் கல்வியில் இருந்த காகித மடிப்பே இதற்குத் தூண்டுதல் என்று முன்னுரையில் அவர் குறிப்பிடுகிறார். சதுரத்தில் தொடங்கிக் கூம்பு வெட்டுகள் வரை இந்நூல் செல்கிறது. ஜெர்மானியக் கணித அறிஞர் பெலிக்ஸ் கிளைன் இதைக் குறிப்பிட்டார். 1901இல் அமெரிக்காவிலும் பதிப்பிக்கப்பட்டது.

வகுப்பில் ஒரு சமபக்க முக்கோணம் செய்து பார்க்கலாம். சதுரத் தாளை இடமிருந்து வலமாகப் பாதியாக மடித்துப் பிரியுங்கள், நடுக்கோடு கிடைக்கும். இனி வலது கீழ் மூலையைத் தூக்கி நடுக்கோட்டில் வையுங்கள். மடிப்பு இடது கீழ் மூலை வழியே செல்லவேண்டும். மூலை தொட்ட இடத்தைக் குறித்துத் தாளைப் பிரித்து, அப்புள்ளியைக் கீழ் மூலைகள் இரண்டோடும் இணையுங்கள். கீழ்ப்பக்கமே திரும்பி இடப்பக்கமானதால் அவ்விரண்டும் சமம். நடுக்கோட்டில் உள்ள புள்ளி இரு மூலைகளுக்கும் சம தொலைவில் இருப்பதால் மூன்றாவது பக்கமும் சமம். பாகைமானி இல்லாமலே 60 பாகை கிடைத்துவிட்டது. நிரூபணமும் கையிலேயே இருக்கிறது.

கதையும் வரலாறும்

எலினார் கோயர் 1977இல் எழுதிய 'சடகோவும் ஆயிரம் காகிதக் கொக்குகளும்' இன்னொரு வகை. ஹிரோஷிமா குண்டுவீச்சின்போது இரண்டு வயதாக இருந்த சடகோ சசாகி, 1955இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தாள். மருத்துவமனையில் அவள் கொக்குகள் மடித்தது உண்மை. 644 கொக்குகளோடு நின்றுவிட்டதாகக் கதை சொல்கிறது. ஆயிரத்தைத் தாண்டியதாக அவள் குடும்பத்தார் கூறியுள்ளனர். கதாசிரியர் ஏன் மாற்றியிருப்பார் என்று எட்டாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். கதைக்கும் வரலாற்றுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களே பேசிவிடுவார்கள்.

நான் பின்பற்றும் முறை

நாமே மேசை முன் நின்று மடித்துக் காட்டினால் குழந்தைகள் நம் கையைப் பார்க்கிறார்கள், நூலைப் பார்ப்பதில்லை. அதனால் நான்கு பேர் கொண்ட குழுவில் ஒருவரிடம் மட்டும் நூலைத் தருகிறேன். அவர் படத்தைக் காட்டாமல் வாயால் சொல்ல, மற்ற மூவரும் மடிக்கவேண்டும். 'இப்படி', 'அப்படி' என்ற சொற்களுக்குத் தடை. அப்போதுதான் 'மேல் விளிம்பு', 'மூலைவிட்டம்', 'எதிர்ப்பக்கம்' என்பவை பேச்சில் வருகின்றன. பழைய நாட்காட்டித் தாளும் எழுதி முடித்த நோட்டுத் தாளும் போதும்.

நூல் வாங்கும்போது, முடிந்த பொம்மையின் வண்ணப்படம் மட்டும் பெரிதாக உள்ளதைத் தவிர்க்கலாம். ஒரு படத்துக்கு ஒரு மடிப்பு என்று செல்வதே குழந்தைக்கு உதவும்.

நூல் கிடைக்காத பள்ளியும் தயங்கவேண்டாம். ஒவ்வொரு படிக்கும் ஒரு தாளை மடித்து வரிசையாக நோட்டில் ஒட்டி, பக்கத்தில் ஓரிரு வரி எழுதச் சொல்லுங்கள். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்த்து மடிக்கட்டும். எந்த வரி புரியவில்லை என்று அவர்கள் சொன்னால், எழுதியவரே திருத்துவார்.