ராணுவத் துப்பாக்கி வேட்டைத் துப்பாக்கியான கதை

ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவைச் சுற்றியுள்ள தெருக்களில் பழைய பங்களாக்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழும்பி வருவதை வாசகர்கள் அறிவார்கள். வீட்டைக் காலி செய்யும்போது பரணிலிருந்தும் மர அலமாரியிலிருந்தும் என்னென்னவோ வெளிவரும். கண்டோன்மென்ட் பகுதியாயிற்றே, தாத்தா காலத்து வேட்டைத் துப்பாக்கி ஒன்று கிடைத்தாலும் வியப்பதற்கில்லை. எடுத்துப் பார்த்தால், அந்த நாளில் போலீஸ்காரர் தோளில் தொங்கிய "திரீ நாட் திரீ" போலவே இருக்கும். "இது ராணுவத் துப்பாக்கியல்லவா!" என்று வீட்டார் பதறுவார்கள். அது பாதி உண்மைதான். மறு பாதி சுவையான கதை.

அமெரிக்காவில் ராணுவத் துப்பாக்கியை வேட்டைக்கு மாற்றுவது ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்தது. உலகப் போர்கள் முடிந்ததும் ஸ்பிரிங்ஃபீல்ட், மௌசர் ரைஃபிள்களும் அவற்றின் உதிரி பாகங்களும் உபரியாகி மலிவு விலைக்கு வந்தன. தபாலில் வரவழைத்து, கனத்த ராணுவக் கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, வால்நட் மரத்தில் புதுக் கட்டை செதுக்கிப் பொருத்தி, தொலைநோக்கி வைத்துக் கொண்டார்கள். 1923-ல் நியூயார்க்கில் தொடங்கிய கிரிஃபின் அண்டு ஹோ போன்ற கம்பெனிகள் இதையே பெரிய கலையாக்கின. 1968-ல் வந்த சட்டம் தபால் விற்பனைக்கும் உபரி ராணுவத் துப்பாக்கிகளின் இறக்குமதிக்கும் கடிவாளம் போட்டது.

நம் நாட்டில் தனி மனிதர் இப்படிச் செய்ய வழியே இல்லை. ஆனால் அதே வேலையை இங்கே சர்க்காரே செய்தது!

பயந்தது குண்டுக்கு

வெள்ளைக்காரன் பயந்தது துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டாவுக்கும்தான். பட்டாளத்துத் தோட்டா களவு போனால் அதைச் சுடும் துப்பாக்கி வெளியாரிடம் இருக்கக் கூடாது என்பது கணக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 அளவுள்ள ரைஃபிள்களுக்கு இந்தியாவில் தடை வந்தது. அதன் குண்டைப் பழைய மார்ட்டினி ஹென்றி ராணுவத் துப்பாக்கிகளில் போட்டுச் சுடலாம் என்ற பயமே காரணம். உடனே லண்டன் கம்பெனிகள் .465, .470 என்று புதுப்புது அளவுகளில் யானைத் துப்பாக்கிகளைச் செய்து மகாராஜாக்களுக்கு விற்றன. பயத்திலும் வியாபாரம் நடந்தது பாருங்கள்!

.303 அளவும் பட்டாளத்துக்கே உரியது என்று ஒதுக்கப்பட்டது. ஆனால் .303 சுடும் லீ என்ஃபீல்ட் உறுதியும் வேகமும் உள்ள துப்பாக்கி. அதை விட்டுவிட ஷிகாரிகளுக்கு மனம் வருமா? ஆஸ்திரியா-ஹங்கேரி ராணுவம் பயன்படுத்திய மான்லிக்கர் தோட்டா கை கொடுத்தது. .303 தோட்டாவைப் போலவே இதற்கும் அடியில் விளிம்பு உண்டு. எனவே லீ என்ஃபீல்டின் உடலும் தாழும் அப்படியே இருக்க, குழலை மட்டும் வேறு அளவில் செய்தால் போதும். இதுதான் .315 போர்.

பாதுகாப்பு எங்கே இருக்கிறது என்றால், மில்லிமீட்டர் கணக்கில் இருக்கிறது. .303 தோட்டாவின் கூடு 56 மில்லிமீட்டர் நீளம்; .315-ன் கூடு 50 மில்லிமீட்டர்தான், ஆனால் பருமன் அதிகம். நீண்டது இதில் முழுதாக நுழையாது, பருத்தது அதில் நுழையாது. தோற்றத்தில் அண்ணன் தம்பி. ஆனால் ஒருவர் தோட்டா மற்றவருக்கு உதவாது.

பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. கம்பெனி இந்தியச் சந்தைக்காக இந்த அளவில் ரைஃபிள்கள் செய்தது. சுதந்திரத்துக்குப் பின் கல்கத்தாவுக்கு வடக்கே இச்சாப்பூரிலுள்ள துப்பாக்கித் தொழிற்சாலை .315 ரைஃபிளைச் செய்து லைசென்ஸ் உள்ளவர்களுக்கு விற்றது. முன்கட்டை குட்டையாக இருக்கும். பயனெட் மாட்ட இடம் கிடையாது. வீட்டுத் துப்பாக்கியை அடையாளம் காண இதுவே எளிய வழி.

அதே இச்சாப்பூர் இன்னொரு வேடிக்கையும் செய்தது. .303 ரைஃபிள்களை .410 மஸ்கெட்டாக மாற்றி, தோட்டா அறையில் மரக்கட்டையை அடைத்து, ஒவ்வொரு குண்டாகப் போட்டுச் சுடும்படி காவலர்களிடம் கொடுத்தார்கள். காவலுக்கு நிற்பவனிடமே அவ்வளவு நம்பிக்கை!

பெங்களூரில் வாழ்ந்து 1974-ல் மறைந்த ஷிகாரி எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன், ஜவளகிரி, பென்னாகரம் காடுகளில் தூக்கித் திரிந்தது அமெரிக்க வின்செஸ்டர் .405. அதுவும் நம் ராணுவத்தின் அளவல்ல.

இன்று என்ன செய்வது?

1972 வனவிலங்குச் சட்டம் முதலில் லைசென்ஸ் வேட்டைக்குச் சிறிது இடம் வைத்திருந்தது. 1991 திருத்தத்தில் அதுவும் போயிற்று. வேட்டை முடிந்தது, துப்பாக்கி மட்டும் அலமாரியில் தங்கிவிட்டது. அதைத் தொட்டுப் பார்க்கும் ஆசையில் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் குழலை அறுக்கவோ, வேறு குழல் மாட்டவோ கேட்பவர்கள் உண்டானால், அவர்களுக்கு ஒரு வார்த்தை: லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்வதும், பழுது பார்ப்பதும், வேறு வகையாக மாற்றுவதும் 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் அதற்குத் தண்டனை ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை. .303 இன்றும் தடை செய்யப்பட்ட அளவுதான்; .315 லைசென்ஸுக்கு உட்பட்டது.

லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் துப்பாக்கியைப் பரணிலேயே போட்டு வைப்பது தவறு. தாமதமின்றி அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். வேண்டுமென்ற வாரிசு பிறகு போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பாட்டனார் சொத்து என்றாலும் இந்தக் கணக்கில் சேரும். பெரியவர் உயிரோடிருக்கும்போதே மாற்றிக்கொள்ளவும் 2016 விதிகளில் இடமுண்டு. அவருக்கு 70 வயது நிறைந்திருக்க வேண்டும், அல்லது அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்திருக்க வேண்டும்.