கெலுவாங் மேனின் இன்னொரு இரகசியம்

பகலில் அவர் பெயர் போர்ஹான். ஜொகூர், தம்போய் மனநல மருத்துவமனையில் ஒரு நோயாளி. இருட்டியதும் யார் கண்ணிலும் படாமல் வெளியேறி, முகமூடி அணிந்து, கெலுவாங் மேனாகக் குற்றவாளிகளைப் பிடிப்பார். வேலை முடிந்ததும் மருத்துவமனைக்கே திரும்பிவிடுவார். கம்ன் இஸ்மாயில் உருவாக்கிய இந்தக் கார்ட்டூன் தொடர் 1998-இல் ஆர்டிஎம்மின் டிவி1-இல் தொடங்கியது. நீங்கள் பிறப்பதற்கு முந்திய கதைதான். ஆனால் 2025-இல் திரைப்படமாகவும் வந்ததால் பெயராவது தெரிந்திருக்கும்.

இவருக்கு அண்ணன் முறை என்று பேட்மேனைச் சொல்லலாம். ஜன்னல் வழியே பறந்து வந்த வௌவாலைப் பார்த்து, குற்றவாளிகளை நடுங்க வைக்க இதுவே சரியான வேடம் என்று புரூஸ் வெய்ன் முடிவெடுப்பதாக 1939-இல் கதை எழுதினார்கள். இருவருக்கும் மூலம் வௌவால்தான். ஆனால் ஒரே வௌவால் அல்ல.

மலாய் மொழியில் பூச்சி பிடிக்கும் சிறிய வௌவால் கெலாவார். பெரிய பழந்தின்னி வௌவால் கெலுவாங். பூச்சி பிடிக்கும் வௌவால், நம் காதுக்கு எட்டாத மீயொலியை எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டு வழி அறிகிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். 1.7 மீட்டர் தூரத்தில் ஒரு கொசு இருந்தால், ஒலி போய்த் திரும்ப 3.4 மீட்டர்; அதாவது நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம். அதற்குள் அந்த வௌவாலின் மூளை கணக்கைப் போட்டுவிடுகிறது!

கெலுவாங்குக்கு இந்த வித்தை கிடையாது. அதற்குப் பெரிய கண்களும் கூர்மையான மோப்ப சக்தியும்தான் துணை. கும்மிருட்டுக் குகையில் விட்டால் பேட்மேன் தப்பிவிடுவார், கெலுவாங் மேன் சுவரில் முட்டிக்கொள்வார். அதனால்தானோ என்னவோ, கெலுவாங் குகையை நாடுவதில்லை; மர உச்சிகளில் தலைகீழாகத் தொங்குகிறது. நம் நாட்டின் பெரிய கெலுவாங் இறக்கையை விரித்தால் ஒன்றரை மீட்டர் வரை வரும். எடையோ சுமார் ஒரு கிலோதான்.

கெலுவாங் மேன் திரைக்கு வந்த அதே 1998-இல் உண்மையான கெலுவாங்கின் மீது ஒரு பெரிய பழி விழத் தொடங்கியது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் பேராக்கில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்கள் மூளைக்காய்ச்சலால் இறந்தார்கள். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதி, புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. அந்த நோய் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றிகளோடு பழகிய பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் படுத்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் 1999 மார்ச்சில் புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அது நிப்பா வைரஸ் ஆனது. நம் நாட்டில் 265 பேரைத் தாக்கி, 105 பேரின் உயிரைப் பறித்தது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

கெலுவாங் மேனை ஒளிபரப்பிய அங்காசாபுரியும், வைரஸைக் கண்டுபிடித்த பல்கலைக்கழகமும் எங்கள் பங்சாரை ஒட்டித்தான் இருக்கின்றன. ஒரே விலங்கைப் பற்றிய இரண்டு கதைகள், ஒரே வட்டாரத்திலிருந்து!

வைரஸின் வீடு எது? மருத்துவர் சுவாவின் குழு தியோமான் தீவில் கெலுவாங் தொங்கும் மரங்களின் அடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுச் சிறுநீரைச் சேகரித்தது. பாதி கடித்த பழங்களையும் எடுத்தது. இரண்டிலும் நிப்பா வைரஸ் கிடைத்ததை 2002-இல் வெளியிட்டார்கள். பண்ணைகளில் கொட்டகையை ஒட்டியே பழமரங்கள் வளர்க்கப்பட்டிருந்தன. கெலுவாங் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றது; பன்றியிடமிருந்து மனிதனுக்கு வந்தது. வில்லன் சிக்கிவிட்டான் என்று கதையை முடித்துவிடலாம்போல் தோன்றும்.

ஆனால் அதே தீவில், அதே இனக் கெலுவாங்கை ஷீமா அப்துல் அசிசும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். டுரியான் மரங்களில் தானியங்கிக் கேமராக்களைக் கட்டி வைத்தார்கள். டுரியான் பூ மாலையில் விரிந்து, இரவில் மகரந்தச் சேர்க்கை பெறும். விடியும்போது இதழ்கள் உதிர்ந்து கிடக்கும். காலையில் அதைப் பார்க்கிறவர், கெலுவாங் பூவை அழித்துவிட்டது என்றுதானே நினைப்பார்? கேமராவில் பதிந்தது வேறு. கெலுவாங் பூவைச் சிதைக்காமல் தேனை மட்டும் நக்கிக் குடித்துவிட்டு, மகரந்தத்தோடு அடுத்த பூவுக்குப் போனது. 2017-இல் வெளியான அந்த ஆய்வின்படி, டுரியான் காய்ப்பதற்கு உதவும் இரவு வேலைக்காரர்களில் கெலுவாங்கும் ஒன்று. பத்துமலை இருட்டுக் குகையில் வாழும் சிறிய தேனுண்ணி வௌவாலும் டுரியான் பூவுக்கு இதே வேலையைச் செய்கிறது. தைப்பூசத்துக்குப் படியேறும்போது அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் நிப்பா பொய்யா? இல்லை, இரண்டுமே உண்மை. அதனால் கடித்த தடம் உள்ள பழத்தைத் தின்னக்கூடாது. வௌவாலை வெறுங்கையால் தொடக்கூடாது. மரத்தில் தொங்கும் கெலுவாங்கை விரட்டவோ சுடவோ தேவையில்லை. அதன் இறைச்சி ஆஸ்துமாவைக் குணப்படுத்தும் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். அதற்கு எந்த அறிவியல் ஆதாரமும் கிடையாது. சொல்லப்போனால், வேட்டையாடி வெட்டும்போதுதான் அதன் இரத்தத்துக்கும் சிறுநீருக்கும் மனிதன் மிக அருகில் போகிறான்.

செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பறக்கவிட்ட பெரிய கெலுவாங்குகள் இங்கிருந்து சுமத்ராவுக்கும் தாய்லாந்துக்கும் போய்வந்திருக்கின்றன. அதாவது, ஒரு நாடு மட்டும் வேட்டையைக் கட்டுப்படுத்தினால் போதாது. பெண் கெலுவாங் பொதுவாக ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும்.